வாய்மை வாரத்தில் வீடு பார்க்க வந்தவர்கள்

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரின் கையில் ஒலிவாங்கியைக் கொடுப்பவர்கள், அதைத் திரும்பப் பெறும் வழியையும் முன்கூட்டியே யோசித்து வைத்திருக்க வேண்டும். பிறரைக் குறித்து நான் இதைச் சொல்லவில்லை. பணி ஓய்வு பெற்ற புதிதில், மட்டக்களப்பு நகரில் எனக்கு ஒலிவாங்கி கிடைக்காத கோயில் இல்லை. திருவிழாவா, நான். குருபூசையா, நான். அந்தியேட்டி வீடுகளுக்கும் அழைத்தார்கள். அங்கே நான் நிலையாமையைப் பற்றிப் பேசத் தொடங்கினால், இறந்தவரின் உறவினர் தம் துயரத்தை மறந்து கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்குவர். (துயரத்தை மறக்கச் செய்வதுதானே சமயச் சொற்பொழிவின் பயன் என்று அப்போது என்னை நானே மெச்சிக்கொண்டேன்.)

அக்காலத்தில் ஒரு சனிக்கிழமை காலை, வாவிக்கரை வீதியால் உலாப் போய்க்கொண்டிருந்த நான், சனசமூக நிலைய மண்டபத்தினுள் ஒரு காட்சியைக் கண்டு நின்றுவிட்டேன். ஊரில் மதிப்போடு வாழ்பவர்கள் பலர், வண்ண வண்ணப் பாய்களின்மேல் கைகளையும் கால்களையும் ஊன்றிப் பின்புறத்தைக் கூரையை நோக்கி உயர்த்தி வரிசையாக நின்றிருந்தார்கள். அவர்களுள் ஏறாவூரில் துணிக்கடை நடத்தும் ஹனீபா காக்காவும் ஒருவர். (எங்கள் பகுதி முஸ்லிம்களிடையே காக்கா என்றால் அண்ணன்.) அவர் தம் முழங்கால்களின் இடைவெளியால் என்னைத் தலைகீழாகப் பார்த்து, "வாங்க சேர்" என்றார்.

இளவயதிலிருந்தே பதிகங்களை மனனம் செய்தவன் நான். மூச்சை உள்ளே நிறுத்தி, உள்ளத்தைச் சிவத்தில் நிறுத்திய அடியார்களின் பாடல்களைக் கண்ணீரோடு ஓதியவன். அவர்கள் சொன்ன யோகம் இதுதானா? நெஞ்சு பொறுக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

"யோகம் எட்டு உறுப்புகளை உடையது" என்று தொடங்கினேன். "இயமம், நியமம் என்பன முதலிரண்டு படிகள். செய்யத் தகாதவற்றை விடுவதும், செய்யத் தகுந்தவற்றைக் கைக்கொள்வதும். ஆசனம் மூன்றாவதுதான். அதன்பின் மூச்சு, புலன் மடக்கம், மன ஒருமை, தியானம், சமாதி. அத்திவாரம் இல்லாமல், நீங்கள் எல்லோரும் மூன்றாம் மாடியில் தொங்கிக்கொண்டிருக்கிறீர்கள்!"

அவர்கள் உண்மையிலேயே தொங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். நான் பேசி முடிக்கும்வரை அதே நிலையில் நின்றார்கள். பயிற்றுநர் மிஸ் சுவாதி மரியாதை தெரிந்த இளம்பெண். என் பேச்சு இடையறாமல் ஓடியதால், "இப்ப இறங்குங்க" என்று சொல்ல அவருக்கு இடம் கிடைக்கவில்லை. ஈற்றில் நான் மூச்சு வாங்கிய சமயத்தில், "அந்த முதல் ரெண்டு படியையும் நீங்களே படிச்சுக் குடுங்களன் சேர். சனிக்கிழமை எங்கட வகுப்பு முடிஞ்ச உடனே செய்யலாம்" என்றார்.

அதை நான் என் புலமைக்குக் கிடைத்த வணக்கமாக எடுத்துக்கொண்டேன். (வகுப்பு முடிந்த பிறகு என்றதில் இருந்த பாதுகாப்பு ஏற்பாடு எனக்குப் பின்னர்தான் விளங்கியது.)

அடுத்த சனிக்கிழமை வகுப்பு தொடங்கியது. முன்வரிசை வெறுமையாக இருக்கக் கூடாதே என்று என் மனைவி இராசலெட்சுமியையும் அழைத்துச் சென்றேன். அழைத்துச் சென்றேன் என்பது எழுத்துக்காக. "வெறுங்கதிரைக்கு நீங்க கதைக்கிறதப் பாக்க ஏலாது" என்று அவளாகத்தான் வந்தாள். அவளருகில் பிலோமினா டீச்சர் அமர்ந்திருந்தார். கத்தோலிக்கர், தேவாலயப் பாடகர் குழுவை வழிநடத்தி வந்தவர். அவர்களுக்குப் பின்னால் ஹனீபா காக்கா.

இயமத்தின் ஐந்து கூறுகளையும் எடுத்து விளக்கினேன். கொல்லாமை, வாய்மை, கள்ளாமை, பிரமசரியம், தனதென்று எதையும் பற்றாமை. (நான்காவதை, வந்திருந்தவர்களின் வயதைக் கருதி, விரைந்து கடந்தேன்.) ஐந்தாவதற்கு நான் வந்தபோது ஹனீபா காக்கா கையை உயர்த்தினார்.

"சேர், இது நமக்கு லேசி. கிழக்கில கலியாணம் கட்டின ஆம்புள எவனுக்கு வீடு இரிக்கு? வீடு வளவு எல்லாம் பொம்புளப் புள்ளைக்குத்தான் எழுதுறாங்க. நாம போய் இரிக்கிற ஆக்கள். நான் முப்பது வருசமா உங்கட அஞ்சாவது படியிலதான் நிக்கன்."

மண்டபம் சிரித்தது. என் மனைவி கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தாள். நாங்கள் குடியிருந்த வாவிக்கரை வீடு அவளுடைய சீதன வீடு.

வெறும் உபதேசத்தோடு நின்றுவிடக் கூடாது என்று ஒரு திட்டம் வகுத்தேன். வாரம் ஒரு கூறாக எடுத்து வாழ்ந்து பார்ப்பது. முதல் வாரம் கொல்லாமை. அது கேள்விகளிலேயே கழிந்தது. "நுளம்ப அடிக்கலாமா சேர்? டெங்குக் காலம்" என்றார் ஹனீபா காக்கா. "மீன விடுறதெண்டா, கருவாடு எந்தப் பக்கம் சேரும்?" என்றார் பிலோமினா டீச்சர். வாவிக்கரையில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கொல்லாமையை விளக்குவது எளிதான காரியமன்று. நான் வெள்ளிக்கிழமை மட்டும் மரக்கறி உண்பவன் என்பதும் என் விளக்கங்களின் வேகத்தைச் சற்றுக் குறைத்தது.

அதனால்தான் இரண்டாம் வாரத்தில் எப்படியாவது ஓங்கி நிற்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

"இன்று முதல் வாய்மை வாரம்" என்று முழங்கினேன். "அடுத்த சனிக்கிழமை வரை, கேட்டவர்க்கு உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். விளையாட்டுக்கும் பொய் வேண்டாம். நினைவிருக்கட்டும், மறைப்பதும் பொய்யே!"

கடைசி வாக்கியம் எந்த ஞான நூலிலும் இல்லை. கைதட்டல் எதிர்பார்த்த அளவுக்கு வராததால் நானாகச் சேர்த்துக்கொண்டது. அதற்கும் கைதட்டல் வரவில்லை. எனவே இன்னும் ஒரு படி மேலே போனேன்.

"வாயால் சொல்லிவிட்டுப் போனால் நாளைக்கே மறந்துவிடுவீர்கள். அவரவர் தத்தம் தெய்வத்தின் முன்னிலையில் உறுதி எடுங்கள். சைவர்கள் கண்ணகி அம்மன் சந்நிதியில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யுங்கள்!"

எங்கள் பகுதியைச் சேராத வாசகர்களுக்காக இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மட்டக்களப்பில் கண்ணகி அம்மன் முன் எரியும் கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்வது சாதாரண காரியமன்று. எல்லை வழக்கும் களவு வழக்கும் வேறெந்த வகையிலும் தீராதபோது ஊரார் கடைசியாகக் கையிலெடுப்பது அது. அப்படிச் சொன்ன சொல்லை மீறியவர் நன்றாக இருந்ததாக இங்கே ஒருவரும் சொல்லக் கேட்டதில்லை. ஊரே அஞ்சும் அந்தச் சடங்கை நான் வீட்டுப்பாடமாகக் கொடுத்தேன்.

வகுப்பில் ஒருவரும் அதைச் செய்யவில்லை. ஒரே ஒருத்தியைத் தவிர. அன்று மாலை இராசலெட்சுமி முழுகி, ஈரத்தலையோடு அம்மன் கோயிலுக்குப் போய், கற்பூரத்தை அணைத்துவிட்டு வந்தாள். உள்ளங்கையில் கரி இருந்தது.

"உண்மையாகவே செய்துவிட்டாயா?" என்று கேட்டேன்.

"நீங்கதானே செய்யச் சொன்னீங்க?"

என் சொல்லுக்கு இவ்வளவு மதிப்பு என் வீட்டிலேயே கிடைத்ததில் உச்சி குளிர்ந்து போனேன். குளிர்ச்சி புதன்கிழமை வரை நீடித்தது.

அதற்குள் மற்றவர்களின் விரதம் கலைந்துவிட்டது. ஹனீபா காக்கா ஞாயிறு காலை ஒரு பெண்ணிடம், "இந்தச் சாயம் ரெண்டு தோச்சலுக்குத்தான் நிக்கும்" என்று உண்மை சொன்னார். அவள் போய் அடுத்த கடையில் அதே துணியை வாங்கினாள். கண்ணாடிக்குள்ளால் அதைப் பார்த்த அவர் திங்கட்கிழமையே பழைய படிக்கு இறங்கிவிட்டார். பிலோமினா டீச்சர் பாடகர் குழுவின் மூத்த உறுப்பினர் ஒருவரிடம் சுருதியைப் பற்றி உண்மை சொல்லிவிட்டு, மறுநாள் கேக்கோடு சமாதானம் பேசப் போனார்.

புதன் மாலை தரகர் நாகமணியர் வந்தார்.

என் மகள் தர்சிகாவுக்கு அப்போது சம்பந்தம் பார்த்துக்கொண்டிருந்தோம். அதற்கு முன் வந்த இரண்டும் கைகூடவில்லை. பெண்ணில் ஒரு குறையும் இல்லை, குறை வீட்டில். சீதனமாகப் போகவேண்டிய எங்கள் வாவிக்கரை வீட்டுக்குள் மாரி காலத்தில் வெள்ளம் வரும். கிணற்று நீரோ உவர். முதலில் வந்தவர்கள் சுவரில் இருந்த வெள்ளக் கோட்டைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அடுத்து வந்தவர்கள் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

இம்முறை வந்திருந்தது கொக்கட்டிச்சோலைப் பக்கத்துச் சம்பந்தம். மாப்பிள்ளை கோகுலன், கணித ஆசிரியர். அவருடைய தந்தை சீனித்தம்பிப் போடியார், வயல் நிலங்கள் உள்ளவர், பெரிய பக்திமான். பெயரைக் கேட்டதுமே தர்சிகாவின் முகத்தில் ஏற்பட்ட மாற்றத்தை நான் கவனிக்கவில்லை. (அவள் தாய் கவனித்திருந்தாள்.)

"வாற கிழமை எண்டுதானே சொன்னன், அது சரிவரல்ல" என்றார் நாகமணியர். "நாளைக்குப் பின்னேரம் நல்ல நேரமாம். வீடு பாக்க வாறாங்க. ஐயாட தியானத்தப் பத்திச் சொல்லி வெச்சிரிக்கன். போடியார் உருகிப் போனாரு."

"என்ன சொன்னீர்கள்?"

"விடிய வெள்ளாப்பில ஒழும்பி, ஒரு மணித்தியாலம் ஆடாம அசையாம இரிப்பாரு எண்டு சொன்னன். நீங்கதானே கோயில் மைக்கில சொன்னீங்க?"

சொல்லியிருந்தேன்.

அன்றிரவு தர்சிகா என் கதிரையருகில் வந்து நின்று மெல்லிய குரலில், "அப்பா, இதையும் கெடுத்துப் போடாதீங்க. இது இல்லையெண்டா, இனி ஆரையும் கூட்டிக்கொண்டு வரவேணாம்" என்றாள். அவள் அப்படிப் பேசுபவள் அல்லள். மகளுக்காக எதையும் செய்யலாம் என்று எழுந்தேன். செய்தது என்னவென்றால், பெரிய அலுமாரியைத் தனியாளாய் இழுத்துவந்து வெள்ளக் கோட்டுக்கு முன்னால் நிறுத்தினேன். அதில் ஒரு ஜன்னலும் மறைந்து போயிற்று. மறுநாள் காலை, பிடித்துக்கொண்ட இடுப்போடு நேரம் சென்று எழுந்து, பக்கத்து வீட்டு நல்ல கிணற்றிலிருந்து தண்ணீர் அள்ளிவந்து எங்கள் பானையை நிரப்பினேன். இராசலெட்சுமி அடுக்களை வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்சாருங்க. நான் சத்தியம் பண்ணியிரிக்கன். நினைவிரிக்கா?"

"அவர்கள் கேட்டால்தானே நீ சொல்ல வேண்டும்!"

"மறைக்கிறதும் பொய் எண்டு சொன்னது ஆரு?"

"அது வகுப்புக்குச் சொன்னது!"

"அம்மனுக்கு நான் அப்பிடிச் சொல்லல்லயே" என்றாள். "விட்டுத் தரச் சொல்லி வேணுமெண்டா நீங்க போய்க் கேளுங்க. எனக்கு ஏலா."

நான் போகவில்லை. அம்மனிடம் பேசும்போது ஒலிவாங்கி கிடையாது. எதிர்த்தரப்பின் ஆற்றலையும் நான் அறிவேன்.

வியாழன் பிற்பகல் அவர்கள் வந்தார்கள். போடியார், அவர் மனைவி நல்லம்மா, மகன் கோகுலன். முன்னால் நாகமணியர். போடியார் என்னைக் கண்டதும் கைகூப்பி, "தியானம் கைவந்த மனிசர் வீட்டில கால் வெக்கக் குடுத்து வெச்சிரிக்கணும்" என்றார். எனக்கு அவ்வளவு போதும். குண்டலினி மூலத்திலிருந்து எழுவதைத் தொடங்கி, அது என் பேச்சில் கழுத்தளவு வந்திருந்தபோது நல்லம்மா தண்ணீர் கேட்டார்.

இராசலெட்சுமி கொண்டுவந்து கொடுத்தாள். நல்லம்மா குடித்துவிட்டு, "நல்ல இனிச்ச தண்ணியா இரிக்கே. வாவிக்கரைல இப்பிடித் தண்ணியா? உங்கட கிணறாகா?" என்று கேட்டார்.

நான் குண்டலினியை அங்கேயே விட்டுவிட்டேன்.

"இல்லக்கா" என்றாள் என் மனைவி. "இது பக்கத்து வீட்டுக் கிணறு. எங்கட கிணறு உவர். உடுப்புத் தோய்க்கலாம், குடிக்க ஏலா."

"உவர்நீருக்கும் ஒரு மருத்துவ குணம் உண்டு..." என்று நான் தொடங்கினேன். ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. போடியாரின் கண்கள் அலுமாரியில் நின்றன.

"என்ன, அலுமாரி ஜன்னல மறைச்சிக்கொண்டு நிக்கிது?"

"காற்று..." என்றேன் நான். "மாலை நேரத்தில் காற்று அதிகம்..."

"அது வெள்ளக் கோட்ட மறைக்க வெச்சது" என்றாள் இராசலெட்சுமி. "மாரிக்கு வெள்ளம் இஞ்ச இவ்வளவுக்கு ஏறும்" என்று தன் தொடையில் கையை வைத்துக் காட்டினாள். "நேத்து இரவு இவர்தான் இழுத்து வெச்சவர். மறுகா நாரி பிடிச்சு, விடிய ஒழும்பவும் ஏலாமப் போயிட்டு."

நான் புருவத்தை உயர்த்தினேன், உதட்டை மடித்தேன், தொண்டையைச் செருமினேன். முப்பதாண்டு வகுப்பறையில் மாணவர்களை நடுங்க வைத்த பார்வை அது.

"கண்ணக் காட்டாதீங்க. நான் கற்பூரம் அணைச்ச மனிசி."

நல்லம்மா கோப்பையைக் கீழே வைத்தார். "கற்பூரமா? என்னத்துக்குகா?"

இராசலெட்சுமி எல்லாவற்றையும் சொன்னாள். வகுப்பை, எட்டுப் படிகளை, வாய்மை வாரத்தை, மறைப்பதும் பொய் என்ற வாக்கியத்தை. அதை ஆக்கியவன் நான் என்பதையும். அவள் சொல்லச் சொல்ல நாகமணியர் குடையை எடுத்துக்கொண்டு விறாந்தைக்குப் போனார். வெயிலும் இல்லை, மழையும் இல்லை.

போடியார் மெல்ல என் பக்கம் திரும்பினார். பிறகு என் மனைவியின் பக்கம் திரும்பினார். உண்மை எந்தத் திசையில் கிடைக்கும் என்பதை அதற்குள் அவர் கண்டுகொண்டுவிட்டார்.

"அப்ப தங்கச்சி, ஐயா விடிய எழும்பித் தியானத்தில இரிக்கிறது?"

கடவுளே என்று நான் நினைத்தேன். அன்று நான் செய்த ஒரே உண்மையான பிரார்த்தனை அது.

"இரிப்பார்" என்றாள் இராசலெட்சுமி. எனக்கு உயிர் வந்தது. "சப்பாணி கட்டி, முதுக நிமித்தி, வடிவா இரிப்பார். கொஞ்ச நேரத்தில குறட்டை வரும். விழாம இரிக்க நான் முதுகுக்குத் தலகணி வெப்பன்."

தியானத்திலே ஏழாம் படியைத் தாண்டி எட்டாவதுக்கு நேரே போய்விடுபவன் நான் என்று விளக்கலாமா என யோசித்தேன். அதற்குள் அடுக்களையிலிருந்து தர்சிகா தேத்தண்ணியும் முறுக்கும் வைத்த தட்டோடு வந்துவிட்டாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையின் பொருளை விளக்க எந்த உரையாசிரியரும் தேவைப்படவில்லை.

நல்லம்மா அவளைப் பார்த்தார். பிறகு என் மனைவியிடம், "வீட்டப் பத்திச் சொன்ன மாதிரி, மகளப் பத்தியும் சொல்லுகா. ஒளிக்காமச் சொல்லு" என்றார்.

கோகுலன் முறுக்கைக் கடித்தவர் மெல்லாமல் வைத்திருந்தார்.

"கோவம் கெதியா வரும், கெதியாப் போகும்" என்றாள் இராசலெட்சுமி. "சமையல் சுமார். சோறு குழையும். காலைல வேலைக்குப் போற நேரம் வீட்டத் தலைகீழாக்குவா. ஆனா அக்கா, போன வருசம் நான் ஒப்பரேசன் செய்து கிடந்த நேரம், இவர் பக்கத்தில இருந்து பாட்டுப் படிச்சார். இவதான் என்னத் தூக்கி, துடைச்சி, எல்லாம் பார்த்தவ. ஒருநாளும் முகம் சுழிக்கல்ல."

அடுத்துப் பேசியவர் போடியார். தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு, மிகச் சாதாரணமாக, ஆனால் கண்களைக் கூர்மையாக்கி,

"இன்னொண்டு கேக்கன் தங்கச்சி. எங்கட பொடியன உங்கட மகளுக்கு முந்தியே தெரியுமா?" என்றார்.

கோகுலனின் முறுக்கு முறிந்தது. எனக்கோ தலைகால் புரியவில்லை. தெரியுமா? எப்படித் தெரியும்? என் மனைவியைப் பார்த்தேன். அவள் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டதற்கு உள்ளபடி சொல்ல வேண்டும், மறைப்பதும் பொய். நான் போட்ட முடிச்சு அவள் கழுத்தைச் சுற்றி இறுகுவதை, அன்று முதல் தடவையாக, வெட்கத்தோடு கண்டேன்.

இராசலெட்சுமி நிதானமாகச் சொன்னாள்:

"அது எனக்குத் தெரியும். ஆனா அது என்ட உண்மை இல்ல அண்ணன். அவட. அவவிட்டக் கேளுங்க."

தர்சிகா தட்டை மேசையில் வைத்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"ஓம் மாமி" என்றாள், மாமனாரை விட்டு மாமியாரைப் பார்த்து. "தெரியும். ஒரு பயிற்சிப் பட்டறையில சந்திச்ச நாங்க. போன்ல கதைக்கிறம். தரகர் மூலமா வரட்டும் எண்டு நான்தான் சொன்னன். பெரியாக்கள் மனம் நோகக் கூடாதெண்டு."

நான் ஆண்டுக்கணக்கில் பேசிய வாய்மையைப் பெண்கள் இருவரும் சில வாக்கியங்களில் செய்து முடித்துவிட்டார்கள். நல்லம்மா சிரிக்கத் தொடங்கினார். வாயில் முந்தானையை வைத்து, தோள் குலுங்கச் சிரித்தார்.

"இவன் இரவெல்லாம் போனோட சுத்தினதுக்கு இதுதானா காரணம்? கணக்குப் பாடம் எண்டெல்லோ எங்களுக்குச் சொன்னவன்!" என்று மகனின் தலையில் ஒரு குட்டு வைத்தார். "இந்த மனிசி பிழை எல்லாத்தையும் சொல்லிப் போட்டு நல்லது ஒண்டு சொன்னா. நான் நம்புறன். தரகர் சொன்ன நல்லதில ஒண்டையும் நான் நம்பல்ல."

போடியார் எழுந்தார். போகப் போகிறார் என்று நினைத்து நானும் எழுந்தேன். அவர் நேரே அலுமாரியிடம் போய், "இத ஒருக்காத் தள்ளுங்க, பாப்பம்" என்றார். கோகுலன் தள்ளினார். கோடு வெளியே வந்தது. வயலில் நீர்மட்டம் பார்ப்பவரைப்போல் அதைக் கையால் சாணளந்து பார்த்தார். "வாவிக்கரைல வெள்ளம் வராத வீடு எங்க இரிக்கு? இது வராதெண்டு தரகர் சொன்னதாலதான் எனக்குச் சந்தேகம் வந்த. நிலத்த உசத்திப் போட்டாச் சரி" என்றார்.

பிறகு என்னை நோக்கினார். முதலில் கைகூப்பிய கண்களில் இப்போது வேறு ஒளி இருந்தது.

"ஒளிவுமறைவு இல்லாமக் கதைக்கிற இடத்தில நாங்களும் எங்கட குறையச் சொல்லணும்" என்றார். "எங்கட பொடியன் வெள்ளாப்பில ஒழும்புறவன். தானும் படுக்க மாட்டான், படுக்கிறவனையும் விட மாட்டான். உங்களுக்கு அது உதவும் ஐயா."

அவ்வாறாகச் சம்பந்தம் முடிவாயிற்று. வகுப்பும் முடிவாயிற்று. மறு சனிக்கிழமை நான் மண்டபத்துக்குப் போனபோது, செய்தி எனக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. ஹனீபா காக்கா எழுந்து நின்று, "சேர், மூணாவது வாரம் கள்ளாமை. உங்கட வீட்டில என்னெல்லாம் வெளிய வரப்போகுதோ?" என்றார். சிரிப்பு அடங்கியதும் மிஸ் சுவாதி தயக்கத்தோடு ஒன்று கேட்டார். "சேர், கொல்லாமை முதலாவது, வாய்மை ரெண்டாவது எண்டு ஏன் வெச்சிரிக்காங்க? உண்மை சொல்லுறதும் ஆருக்கும் நோகாமச் சொல்லணும் எண்டதாலயா?"

ஆம் என்றேன். அந்த வரிசையின் பொருள் இத்தனை பதிகம் ஓதிய எனக்கு அந்த வியாழக்கிழமைவரை விளங்கியிருக்கவில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை. (சனிக்கிழமை ஆகிவிட்டது; வாய்மை வாரம் முடிந்திருந்தது.) அடுத்த வாரத்திலிருந்து நான் அங்கே வண்ணப் பாயில் அமரும் மாணவன். நாரிப் பிடிப்புக்கு நல்லதாம்.

எங்கள் வழக்கப்படி வீடு மகளுக்குப் போயிற்று. நிலம் உயர்த்தப்பட்டது. மாப்பிள்ளை வந்து குடியேறினார். நானும் இராசலெட்சுமியும் வளவின் பின்பக்கத்துச் சிறு அறைக்கு மாறினோம். வகுப்பில் நடத்த முடியாமற்போன ஐந்தாம் படியான பற்றாமை இப்படியாக வீட்டிலேயே நடந்தேறியது.

போடியார் சொன்ன அந்தக் குறை மட்டும் பொய்யில்லை. இத்தனை ஆண்டுகளாக ஒவ்வொரு விடியலிலும் என் அறைக் கதவு தட்டப்படுகிறது. "மாமா, நேரமாகிட்டு." சாய்ந்துகொள்ளத் தலையணை கிடையாது. மருமகன் எதிரில் அமர்ந்துகொள்வார். தியானத்தில் கண்ணை மூட வேண்டும் என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். ஒற்றைக் கண்ணைத் திறந்துவைத்தபடியே இருப்பார். கணித ஆசிரியர், விடையைச் சரிபார்க்காமல் விடமாட்டார். குறட்டை எழுவதற்கு முன் வரும் அந்தச் சிறு மூச்சு மாற்றத்தையே கண்டுபிடித்து, "மாமா" என்பார். இப்போது சில நாட்களில் அவர் அழைக்கத் தேவையில்லாமல், ஏதோ கொஞ்ச நேரம், நான் உண்மையிலேயே விழித்தபடி அமைதியாக இருந்துவிடுகிறேன். இதை நான் எந்தக் கோயிலிலும் சொல்லவில்லை.

வீட்டுக்கு விருந்தினர் வந்து, நான் என் பழைய பெருமைகளை விரித்துப் பேசத் தொடங்கினால், இராசலெட்சுமி எழுந்துவிடுவாள். சுவாமி அறைக்குப் போய்க் காகிதத்தில் மடித்த கற்பூரச் சரையை எடுத்துவந்து, தேத்தண்ணிக் கோப்பைகளின் நடுவே வைப்பாள். தர்சிகாவும் மருமகனும் வேறு திசையைப் பார்ப்பார்கள். என் பேச்சு தானாகச் சுருங்கும். கொக்கட்டிச்சோலை உறவினரிடையிலும் இது பரவிவிட்டது. அங்கே கலியாண வீடுகளில் யாராவது அளந்து பேசினால், "ஆரங்க, கற்பூரம் கொண்டா" என்கிறார்களாம்.

இக்கட்டுரையை எழுதி முடித்ததும் இராசலெட்சுமிக்கு வாசித்துக் காட்டினேன். ஒரு சொல் விடாமல் கேட்டாள். சில இடங்களில் சிரித்தாள். முடிந்ததும் எழுந்து உள்ளே போனாள். திரும்பி வந்து, சரையை என் தாள்களின்மேல் வைத்தாள்.

"எந்த இடம்?" என்று கேட்டேன்.

"முதல் பந்தி. மைக் கிடைக்காத கோயில் இல்ல எண்டு எழுதியிரிக்கீங்க. சந்தையடிப் பிள்ளையார் கோயில்ல உங்களக் கூப்பிட்டதே இல்ல. நீங்களாப் போய்க் கேட்டும் குடுக்கல்ல."

வாசகர்கள் முதற் பந்தியை அவ்வாறே திருத்தி வாசித்துக்கொள்ள வேண்டும். சரை இன்னும் மேசைமேல்தான் இருக்கிறது.